வீட்டுக்குள்ள ஒரு ஸ்பா ரூம்: நம்ம திருநெல்வேலி பக்கம் எல்லாரும் கேக்குற கேள்விகளும் செலவுக் கணக்கும்

நாங்க இருக்கது பாளையங்கோட்டையில. எங்க அத்தைக்கு மூட்டு வலி ரொம்ப வருஷமா, ஒத்தடம் எண்ணெய் தேய்ப்புன்னு வெளிய கூட்டிட்டு அலைஞ்சு அலைஞ்சு, கடைசியில வீட்டுக்குப் பின்னாடி சும்மா கெடந்த விறகு ரூம இடிச்சு ஒரு சின்ன ஸ்பா ரூம் போட்டோம். ஒண்ணரை வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து சொந்தக்காரங்க, தெருக்காரங்க, வீட்டுக்காரரோட ஆபீஸ்ல உள்ளவங்கன்னு ஆள் மாத்தி ஆள் போன் பண்ணி அதே கேள்வியத்தான் கேக்காங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருதேன். நான் இஞ்சினியர் இல்ல, நாங்க பட்டது, விசாரிச்சது, கணக்கு போட்டுப் பாத்தது இது.

இந்த வெயிலுக்குப் போயி சுடுதண்ணி டப்பு தேவையா?

நல்ல கேள்வி, எல்லாரும் மொதல்ல இதக் கேட்டுட்டுத்தான் கடைக்குப் போகணும். சித்திரை வைகாசியில மத்தியானம் பைப்பத் திறந்தாலே மேல் டேங்க் தண்ணி கையச் சுடும், அந்த ரெண்டு மூணு மாசம் சுடுதண்ணி டப்புல யாரும் உக்கார மாட்டாங்க. உபயோகம் எப்பன்னா ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி, தை, அப்புறம் ஆனி ஆடியில குற்றாலத்துச் சாரக் காத்து இங்க வரைக்கும் அடிக்குமே, அந்தச் சாயங்காலங்கள். அதனால 4 பேர் உக்காரக்கூடிய பெரிய டப்ப லட்சக்கணக்குல வாங்கிப் போடுறது நம்ம ஊருக்குக் கட்டுபடி ஆகாதுங்கதுதான் என் அபிப்பிராயம். நம்ம ஆளுகளுக்கு ஸ்பான்னா என்ன? எண்ணெய் தேச்சு ஒரு குளி, வேது பிடிக்கது, தோள்ல அருவி விழுந்த மாதிரி தண்ணி விழணும். பேரருவியிலயும் ஐந்தருவியிலயும் போய் நின்னு வாங்குறோமே, அதத்தான் வீட்டுல கேக்கோம். அதுக்கு ஏத்த மாதிரி ரூம் போட்டா செலவும் பாதி, வருஷம் முழுக்க உபயோகமும் இருக்கும்.

அப்ப உங்க ரூம்ல என்னென்ன இருக்கு?

8 அடிக்கு 7 அடி ரூம். ஒரு ஓரத்துல எண்ணெய் தேச்சுவிட உக்காரவும் படுக்கவும் சிமெண்ட்ல கட்டி கிரானைட் போட்ட திண்ணை, 6 அடி நீளம், ரெண்டரை அடி அகலம். இன்னொரு ஓரத்துல கண்ணாடி அடைச்ச ஸ்டீம், ரெண்டு பேர் உக்காரலாம். தண்ணியப் பீச்சி அடிக்கிற ஜெட் எதுவும் இல்லாத சாதா அக்ரிலிக் டப் ஒண்ணு, 5 அடி. சுவத்துல அகலமா தண்ணி விழுற ஸ்டீல் ஸ்பவுட், பிள்ளைங்க அதுக்கு அருவின்னுதான் பேர் வச்சிருக்கு.

மொத்தம் எவ்வளவு ஆச்சு? உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

3 லட்சத்துல முடிக்கணும்னு எழுதி வச்சோம், 3 லட்சத்து 80 ஆயிரத்துல வந்து நின்னுச்சு. கொத்து வேலை, வாட்டர்ப்ரூஃப், வடிகால், டைல்ஸ் எல்லாம் சேத்து 1 லட்சத்து 40 ஆயிரம். ஸ்டீம் ஜெனரேட்டர் 85 ஆயிரம். தண்ணியில உள்ள சுண்ணாம்ப எடுக்குற சாஃப்ட்னர் 45, டப் 35, 50 லிட்டர் ஹீட்டரும் பிரஷர் பம்ப்பும் 29, கண்ணாடிக் கதவு 24, கரண்ட் வேலை 22. பாத்தீங்கன்னா கண்ணுக்குத் தெரியிற டப்பு 35 ஆயிரம்தான், கண்ணுக்குத் தெரியாத தரைக்கும் குழாய்க்கும் அதப் போல நாலு மடங்கு. எல்லாரும் டப்பு விலையக் கேட்டுட்டு அதுதான் செலவுன்னு நெனச்சிருதாங்க, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். கூடுன 80 ஆயிரத்துல 45 அந்த சாஃப்ட்னர், அது முதல் கணக்குல கிடையவே கிடையாது. மிச்சம் போட்ட தரைய ஒரு தடவை உடைச்சு வடிகால் குழாய மாத்தினதுல போச்சு. அதனால நீங்க எவ்வளவு பட்ஜெட் போட்டாலும் நூத்துக்கு இருபது தனியா எடுத்து வைங்க, அதத் தொடாம வேலை முடிஞ்சா சந்தோஷம்.

கொட்டேஷன் வாங்கும்போது ஜிஎஸ்டி சேத்தா தனியா, வண்டி வாடகை யாரோடது, மாட்டிக் குடுக்க ஆள் அவங்க அனுப்புவாங்களா, ரிப்பேர்னா திருநெல்வேலியில ஆள் இருக்கா இல்ல சென்னையில இருந்து வரணுமா, இந்த நாலையும் பேப்பர்ல எழுதி வாங்கிக்கிடுங்க. கடைசிக் கேள்விக்கு பதில் மழுப்புனா அந்தக் கடை வேண்டாம்.

மொட்டை மாடியில வைக்கலாமா? காத்தும் வெளிச்சமும் நல்லா இருக்குமே.

இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்லுதேன், ஏன்னா நாங்க முதல்ல அங்கதான் வைக்கப் பாத்தோம். 7 அடிக்கு 7 அடி டப்பு ஒண்ணு காட்டுனாங்க. கடையில விக்கிற தம்பி "தளம் தாங்கும்க்கா, எல்லாரும் மாடியிலதான் வைக்காங்க"ன்னு அடிச்சுச் சொன்னான். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முந்தின நாள் எங்க வீடு கட்டின இஞ்சினியர் அண்ணாச்சிய கூப்பிட்டோம். அவர் மாடிக்கே ஏறல, திண்ணையில உக்காந்து மளிகை பில்லுக்குப் பின்னாடி கணக்கு எழுதுனார். தண்ணி 1100 லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ, அப்ப 1100 கிலோ. டப்பு 300 கிலோ. நாலு ஆளு 280. மொத்தம் 1680 கிலோ, அது நிக்கிறது நாலரை சதுர மீட்டர் இடத்துல, அப்ப ஒரு சதுர மீட்டருக்கு 370 கிலோ கிட்ட. நம்ம நாட்டு கட்டட விதி, ஐ.எஸ். 875ன்னு சொல்லுவாங்க, அதுல வீட்டு மொட்டை மாடிக்குக் கணக்கு வைக்கிற ஆள் நடமாட்டப் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ, வீட்டுக்குள்ள தரைக்கே 200 கிலோதான். மாடிக்கு உள்ள கணக்கப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. "விழுந்துரும்னு சொல்லலம்மா, ஆனா தளம் தொங்கும், கீறும், கீறுன இடத்துல மழைத்தண்ணி இறங்கி கம்பி துருப்பிடிக்கும், அத நீ பாக்க பத்து வருஷம் ஆகும்"னு சொன்னார். அந்த பில்ல இன்னும் பீரோவுல வச்சிருக்கேன்.

புதுசா வீடு கட்டுறவங்க மாடியில வேணும்னா தளத்துக்குக் கம்பி கட்டுறதுக்கு முந்தியே சொல்லிருங்க, அதுக்கு ஏத்த பீம் போட்டுக் குடுப்பாங்க. கட்டி முடிச்ச வீட்டுக்கு தரைத்தளம்தான், மண்ணு மேல. தட்டோடு பதிச்ச பழைய மட்டப்பா வீடுன்னா பேச்சே வேண்டாம்.

எங்க ஊர்ல போர் தண்ணிதான். பரவாயில்லையா?

எந்த ஊருன்னு பாக்கணும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி மாதிரி ஆத்தங்கரைக்காரங்க குடுத்து வச்சவங்க, தாமிரபரணித் தண்ணி சோப்பு போட்டா பொங்கி வரும். வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி பக்கம் போர்ல நிறைய இடத்துல உப்பும் சுண்ணாம்பும் கூட. எங்க மதினி வீடு வள்ளியூர் பக்கம், அவங்க ஹீட்டர் சூடே ஆக மாட்டேங்குன்னு கழத்திப் பாத்தப்ப நானும் நின்னேன். தண்ணியச் சுட வைக்கிற காயிலே தெரியல. விரல் தண்டிக்கு வெள்ளையா பூத்து முட்டை ஓடு மாதிரி படிஞ்சிருந்துச்சு, மெக்கானிக் ஸ்குரூட்ரைவரால தட்டத் தட்ட சில்லு சில்லா உதிர்ந்து ஒரு டம்ளர் நிறைய வந்துச்சு. அந்த ஓடு சூட்டத் தண்ணிக்கு விடாது, காயில் தன்னச் சுட்டே எரிஞ்சு போகும். ஸ்டீம் ஜெனரேட்டர்ல இது இன்னும் மோசம், தண்ணி ஆவியாப் போக உப்பு முழுக்க உள்ளேயே தங்கிருமே.

அதனால டப்பு பாக்கப் போறதுக்கு முன்னால தண்ணிய லேப்ல குடுத்து கடினத்தன்மை, அதான் சுண்ணாம்பு எவ்வளவு இருக்குன்னு பாருங்க. குடிதண்ணிக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லன்னா 600 வரைக்கும்னு இந்தியத் தர அளவு இருக்கு. 200க்கு மேலன்னா சாஃப்ட்னர் காசயும் சேத்தே பட்ஜெட் போடுங்க. அதுக்கு அப்பப்ப உப்பு போட்டுக் கழுவணும், ஆனா தூத்துக்குடி நமக்குப் பக்கம்தான, உப்புக்குப் பஞ்சம் இல்ல. ஒண்ணு மட்டும், டி.டி.எஸ். மீட்டர வச்சு நம்பர் காட்டி "தண்ணி சூப்பர்"னு சொல்லுதத நம்பாதீங்க, அது மொத்த உப்பக் காட்டும், சுண்ணாம்ப மட்டும் தனியாச் சொல்லாது.

கரண்ட் பில் எகிறிருமோ?

ஒரு யூனிட் கரண்ட் 86 லிட்டர் தண்ணிய 10 டிகிரி ஏத்தும். இந்த ஒத்தக் கணக்கு தெரிஞ்சா போதும், கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே சரி பாத்துக்கிடலாம். 1000 லிட்டர் டப்ப 28 டிகிரியில இருந்து 38க்குக் கொண்டுவர பன்னிரண்டு யூனிட் கிட்ட, 3 கிலோவாட் ஹீட்டர்னா நாலு மணி நேரம் ஓடணும். அப்புறம் சூடு போகாம வைக்கவும் தினமும் கொஞ்சம் இழுக்கும், மூடி நல்லா இல்லன்னா நிறையவே இழுக்கும். எங்க டப்புக்கு 150 லிட்டர், தடவைக்கு ரெண்டு யூனிட்டுக்குள்ள முடிஞ்சிருது. 6 கிலோவாட் ஸ்டீம் அரை மணி நேரம் போட்டா 3 யூனிட்.

ஆனா யூனிட் மட்டும் பாத்தா பத்தாது. ஈ.பி.ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுனா ஸ்லாப்பே மாறிரும், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லாம கீழ உள்ள யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு கூடிரும். ஏற்கனவே 450ல நிக்கிற வீடுன்னா ஸ்பா வந்தா நிச்சயம் தாண்டும். பழைய கார்டு எடுத்து போன வருஷம் ஆறு பில்லயும் பாருங்க, அத வச்சு முடிவு பண்ணுங்க.

வெயில்தான் நமக்குக் கொட்டிக் கெடக்கே, சோலார் வாட்டர் ஹீட்டர் வச்சவங்களுக்கு வெயில் அடிக்கிற நாள்ல டப்புத் தண்ணிக்குக் கரண்டே வேண்டாம். அதுலயும் உப்புத் தண்ணி டியூப் உள்ள படியும், அந்தத் தொல்லை இருக்கத்தான் செய்யும்.

25 லிட்டர் ஹீட்டர் வீட்டுல இருக்கே, அது டப்புக்குப் பத்தாதா?

பத்தாது. 60 டிகிரியில 25 லிட்டர் இருந்தா, பச்சத்தண்ணி கலந்து 39 டிகிரிக்குக் கொண்டுவந்தா 72 லிட்டர்தான் வரும். இடுப்பு வரைக்கும் கூட வராது. 50 லிட்டர் வச்சா 145 லிட்டர் கிட்ட வரும், ஒரு டப்புக்குச் சரியா இருக்கும்.

அருவி மாதிரி தண்ணி விழ என்ன செய்யணும்?

டேங்க் நம்ம தலைக்கு மேலதான இருக்கு, வேகமா விழும்னு நெனப்போம். 10 மீட்டர் உயரம் இருந்தாத்தான் ஒரு பார் பிரஷர் வரும், ஒரு மாடி வீட்டு டேங்க் 3 மீட்டர் உயரம்னா 0.3 பார்தான், சொய்ங்னு ஒழுகும், அவ்வளவுதான். அரை ஹெச்.பி. பிரஷர் பம்ப் ஒண்ணு போட்டே ஆகணும். ஸ்பவுட் அகலம் கூடக் கூட தண்ணி குடிக்கும், எங்களது நிமிஷத்துக்கு 30 லிட்டர் போகுது, வாளி வச்சு அளந்து பாத்தோம். அஞ்சு நிமிஷத்துல 150 லிட்டர். அதனால பங்குனி சித்திரையில அத மூடியே வச்சிருவோம், தண்ணிக்கு லாரி பாக்குற தெருவுல இருந்துக்கிட்டு அப்படிக் கொட்ட மனசு வராது.

ஸ்டீமா, சாவ்னாவா?

ஸ்டீம். சாவ்னா காஞ்ச சூடு, 70, 80 டிகிரிக்கு மேல போகும், உள்ள முழுக்க மரம் அடிக்கணும். காஞ்ச சூடு நமக்கு வெளியவே கெடைக்குது. ஸ்டீம் 45 டிகிரி கிட்டதான், ஈரம் நிறைஞ்சு இருக்கும், வேது பிடிச்சுப் பழகின நம்ம ஒடம்புக்கு அது தெரிஞ்ச சமாச்சாரம், நொச்சித்தழை போட்டு நாங்க இன்னும் பிடிக்கோம். ஆனா தழைய ஜெனரேட்டர் தொட்டிக்குள்ள போட்டுராதீங்க, ஆவி வர்ற வாய்க்கு முன்னால ஒரு கிண்ணத்துல வைங்க.

ஸ்டீம் ரூம்ல மூணு விஷயம். மேல் கூரைய லேசா சரிவாப் போடணும், இல்லன்னா குளிர்ந்த சொட்டு நேரா தலையில விழும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ள தாழ்ப்பாள் வைக்கவே கூடாது, மயக்கம் வந்து ஒருத்தர் கதவு மேல சாஞ்சாலும் திறந்து வெளிய விழணும், அப்படி இருக்கணும். எங்க ஆசாரி பழக்கத்துல தாழ்ப்பாள் மாட்டிட்டுப் போயிட்டார், அன்னைக்கே கழத்தச் சொன்னேன்.

கரண்ட் ஷாக் பயமா இருக்கு.

பயம் இருக்கதுதான் சரி. இங்க மட்டும் பத்து பைசா மிச்சம் பிடிக்கக் கூடாது. மெயின் போர்டுல இருந்து ஸ்டீமுக்குத் தனி லைன், ஹீட்டருக்குத் தனி லைன். 6 கிலோவாட்னா 26 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு ஏத்த தண்டி வயரு. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதான் கரண்ட் கசிஞ்சா உடனே லைனத் துண்டிக்கிற சுவிட்ச், கட்டாயம், அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க, சுவிட்ச் பட்டுன்னு கீழ விழணும். எர்த் புதுசா போட்டு அளந்து காட்டச் சொல்லுங்க, எங்க வீட்டுல பழைய எர்த் கம்பி மண்ணுக்குள்ள துருப்பிடிச்சு அத்துப் போயிருந்துச்சு, இத்தனை வருஷம் எர்த்தே இல்லாம இருந்திருக்கோம். டப்பு பக்கத்துல லைட்டுன்னா 12 வோல்ட். சுவிட்ச் எல்லாம் ரூமுக்கு வெளிய. வீட்டு லோடும் கூடிரும், சிங்கிள் ஃபேஸ் தாங்குமா த்ரீ ஃபேஸ் எழுதிக் குடுக்கணுமான்னு ஈ.பி.ல முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க.

வாட்டர்ப்ரூஃப் சரியா இருக்கான்னு நமக்கு எப்படித் தெரியும்?

டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னால வடிகால் வாய அடைச்சுட்டு, தரையில ரெண்டு இஞ்சு தண்ணி நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. சுவத்துல தண்ணி மட்டத்துல பென்சில்ல ஒரு கோடு. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. வெயில்ல கொஞ்சம் ஆவியாப் போகும், அதத் தாண்டி கோட்டுல இருந்து தண்ணி இறங்குனா எங்கயோ ஒழுகுது. மேஸ்திரி "அதெல்லாம் வேண்டாம்மா, நான் முப்பது வருஷமா பாக்கேன்"ம்பார், மரியாதையாவே சொல்லி நிறுத்த வைங்க. எங்களுக்கு இதுலதான் கண்டுபிடிச்சோம், வடிகால் குழாய் சுவத்துக்குள்ள நுழையுற இடத்துல ஒழுக்கு. உடைச்சு மாத்துனது காசுதான், ஆனா டைல்ஸ் போட்ட பிறகு தெரிஞ்சிருந்தா அத மாதிரி மூணு மடங்கு.

எண்ணெய் தேச்சுக் குளிச்சா வடிகால் அடைக்காதா? அந்தத் தண்ணி எங்க போகும்?

அடைக்கும். நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் முடியும் சேந்தா கல்லு மாதிரி இறுகிரும். வெளிய ஒரு சின்ன தொட்டி கட்டி எண்ணெய் மேல மிதந்து நிக்கிற மாதிரி, தண்ணி மட்டும் அடியில இருந்து போற மாதிரி வைங்க, வாரம் ஒருக்கா அள்ளிப் போட்டாப் போதும். எங்க தண்ணி வாழைக்குப் போகுது, சீயக்காய்த் தண்ணிக்கு வாழை ஒண்ணும் சொல்லல. பெரிய டப்பு வச்சிருக்கவங்க குளோரின் போட்ட 1000 லிட்டர ஒரே நேரத்துல செப்டிக் டேங்க்குக்குத் திறந்து விட்டுராதீங்க, உள்ள அடங்கின கசடு கலங்கி வெளிய வரும், மக்க வைக்கிற கிருமியும் செத்துரும்.

தண்ணிய மாத்தாம எத்தனை நாள் வைக்கலாம்?

சாதா டப்புன்னா குளிச்ச உடனே திறந்து விட்டுறணும். ரெண்டு நாள் நின்னாலே டெங்கு கொசு முட்டை வைக்க வந்துரும். ஃபில்டர், ஹீட்டர் உள்ள பெரிய டப்பு மூணு மாசம் வரைக்கும் அதே தண்ணிதான், அப்ப குளோரின் 3 பி.பி.எம்.க்குக் குறையாம (லிட்டருக்கு 3 மில்லிகிராம்), பி.எச்.னு சொல்லுற புளிப்பு-கார அளவு 7.2ல இருந்து 7.8க்குள்ள வச்சிருக்கணும், நிறம் மாறுற டெஸ்ட் ஸ்ட்ரிப்ப முக்கிப் பாக்கணும். வெதுவெதுன்னு இருக்க தண்ணியில குளோரின் குறைஞ்சா லீஜியனெல்லான்னு ஒரு கிருமி வளரும், ஆவியோட நெஞ்சுக்குள்ள போயி நிமோனியா மாதிரி படுத்தும். தெனமும் அஞ்சு நிமிஷம் இதுக்கு ஒதுக்க முடியாதுன்னா அந்த டப்பு உங்களுக்கு வேண்டாம்.

வயசானவங்க, பி.பி., சக்கரை உள்ளவங்க?

டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான். கர்ப்பமா இருக்க பிள்ளைகளும் சின்னக் குழந்தைகளும் சுடுதண்ணி டப்பும் ஸ்டீமும் வேண்டாம். தண்ணி 40 டிகிரிய தாண்டக் கூடாது, 15 நிமிஷம் போதும். சக்கரையில கால் மரத்துப் போனவங்களுக்கு சூடு தெரியவே தெரியாது, எங்க அத்தைக்கும் அப்படித்தான், அதனால அவங்க காலை வைக்கிறதுக்கு முந்தி நான் முழங்கைய விட்டுப் பாப்பேன், தெர்மாமீட்டரும் போட்டுப் பாப்பேன். டப்புல இருந்து எந்திரிக்க சுவத்துல பிடிச்சுக்க கம்பி, வழுக்காத டைல்ஸ், இது ரெண்டும் அலங்காரம் இல்ல. எண்ணெய்த் தரை எப்படி வழுக்கும்னு சொல்லவா வேணும்.

தேய்ப்பு விஷயத்துல, சித்த வைத்தியத்துல இதுக்குத் தொக்கணம்னு தனிப் பேரே இருக்கு. நம்ம பாளையங்கோட்டையில 1964ல இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, வலிக்குன்னு ரூம் போடுறவங்க ஒரு தடவை சித்த டாக்டரப் பாத்து எந்த எண்ணெய், எப்படித் தேய்க்கணும்னு கேட்டுட்டு வாங்க. நாங்க ரூம் போட்ட பிறகுதான் கேட்டோம், முந்தியே கேட்டிருந்தா திண்ணைய இன்னும் அரை அடி உயரமாக் கட்டியிருப்போம், தேச்சுவிடுறவங்க குனிஞ்சே நிக்க வேண்டியிருக்கு.

வாடகை வீடு. ஒண்ணும் உடைக்க முடியாது.

மடக்குற ஸ்டீம் கூடாரம் இருக்கு, வாங்கலாம். காத்தடிக்கிற டப்பும் வருது, ஆனா அந்தப் பாரக் கணக்கு அதுக்கும் உண்டு, மாடி வீட்டுல வேண்டாம்.

எந்த மாசம் வேலை ஆரம்பிக்க?

தை பிறந்ததும். தை மாசியில ஈரம் இல்ல, சுவரும் தரையும் நல்லாக் காயும், வாட்டர்ப்ரூஃப் பிடிக்கும். ஆடியில தொடங்க வீட்டுப் பெரியவங்க ஒத்துக்கிட மாட்டாங்க, ஆவணியில கல்யாண வீடு, கிரகப்பிரவேசம்னு டைல்ஸ் போடுற ஆள் கிடைக்க மாட்டான், ஐப்பசியில மழை பிடிச்சுக்கும். நாங்க பங்குனிக் கடைசியில ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போயி, தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு பிளம்பர் கடைசி பைப்ப மாட்டுனார். விடிகாலை நாலு மணிக்கு முதல் எண்ணெய்க் குளி அத்தைக்குத்தான்.